கற்பித்து உயர்ந்தோர்

கல்வி ஒருவரிடத்தில் எப்போது நிறைவு பெறுகின்றது? இவ்வினாவிற்கு நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் ஒரு கணக்கையே விடையாகத் தந்திருக்கின்றார். ஆசான் உரைத்ததை மாணாக்கன் பழுதின்றி உளங்கொண்டாலும் அவன் பெறுவது கால் பங்குதான். உடன் பயில்வாரோடு கலந்து பயில்வதனால் இன்னொரு கால் பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப் பங்கோ, கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் கைகூடும். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த இலக்கண நூல் ஒன்று, கல்வியின் பாதியைக் கற்பித்தலுக்கு ஒதுக்கி வைத்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆயினும், பெற்றோர் பலர் இக்கணக்கை ஏற்பதில்லை. கணிதத்தில் சிறந்த மாணவன் பின்தங்கிய மாணவனுக்கு அருகில் அமர்ந்து பின்னங்களை விளக்கிக் கொண்டிருந்தால், “என் பிள்ளையின் நேரம் வீணாகின்றதே” என்று வருந்துவோர் உளர். கொடுப்பவனுக்குக் குறையும், பெறுபவனுக்குக் கூடும் என்பது அவர்தம் எண்ணம். பொருளுக்கு அது பொருந்தும், கல்விக்குப் பொருந்துமா? வாதத்தினும் வரலாறே இதற்குத் தெளிவான விடை தரவல்லது. அவ்வரலாற்றின் ஒரு பெரும்பகுதி தமிழ் மண்ணில், சென்னை எழும்பூரில், மணல் பரப்பிய தரையில் தொடங்குகின்றது.

திண்ணைப் பள்ளியும் சட்டாம்பிள்ளையும்

பழைய திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவரே. வகுப்பறை, மணியடிப்பு, பாட அட்டவணை எவையும் இல்லை. முதல் நாள் சேர்ந்த சிறுவனும், எண்சுவடியை முடித்துக் கணக்கில் தேர்ந்த இளைஞனும் ஒரே திண்ணையில் அமர்ந்திருப்பர். ஒருவருக்கு அரிச்சுவடி, மற்றொருவருக்குக் கீழ்வாய் இலக்கம். இத்தனை நிலையினரையும் ஒருவர் எவ்வாறு நடத்தினார்? அங்கேதான் சட்டாம்பிள்ளை வருகின்றான். மூத்த மாணவருள் தேர்ந்தவன் சட்டாம்பிள்ளை. அவன் இளையோரை மணலில் விரல் பிடித்து எழுதச் செய்வான்; வாய்பாட்டை முன் சொல்லிப் பின் சொல்ல வைப்பான்; முதல் நாள் பாடத்தை முறை சொல்லச் சொல்லிக் கேட்பான்; ஆசிரியர் இல்லாதபோது பள்ளியையே நடத்துவான். அவனுடைய பாடத்தை ஆசிரியர் தனியே நடத்துவார்.

இம்முறை தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று, தென்னாடெங்கும் பரவியிருந்தது. 1623ஆம் ஆண்டில் கன்னட நாட்டு இக்கேரிக்கு வந்த இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே, கோயில் முன்றிலில் நான்கு சிறுவர்கள் ஆசிரியர் இன்றியே கணக்குப் பயின்று கொண்டிருந்ததைக் கண்டார். அவர்கள் மெல்லிய மணலைத் தரையிற் பரப்பி, பாடத்தை இசையோடு சொல்லிக்கொண்டே விரலால் எழுதினர். ஐயம் வந்தால் யார் தீர்த்து வைப்பர் என்று அவர் வினவினார். நால்வரும் ஒரே நேரத்தில் ஒன்றையே மறந்துவிடுதல் இயலாது. ஆகவே ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்வோம் என்பது அச்சிறுவர் தந்த விடை. அதன் தெளிவு அந்தப் பயணியை வியப்பில் ஆழ்த்தியது.

இருநூறு ஆண்டுகள் கழித்து, சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 12,498 பள்ளிகளும், அவற்றில் 188,000க்கு மேற்பட்ட மாணவரும் இருந்தமை அக்கணக்கெடுப்பால் தெரிய வந்தது. அப்பொழுது பல்லாரி மாவட்ட ஆட்சியராக இருந்த காம்ப்பெல், 1823இல் அனுப்பிய அறிக்கையில் திண்ணைப் பள்ளிகளின் குறைகள் பலவற்றைச் சுட்டினார். ஆனால் ஒன்றை மட்டும் மனமாரப் பாராட்டினார். முன்னேறிய மாணவர் பின்தங்கியோர்க்குக் கற்பிப்பதும், அதனாலேயே தம் அறிவை உறுதி செய்துகொள்வதும் போற்றத்தக்க முறை என்றும், இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதினார். நன்னூலார் கூறிய அரைப் பங்கை அயல்நாட்டு அதிகாரி ஒருவர் கண்ணாரக் கண்டு எழுதிய சான்று இது.

இங்கிலாந்து இதனை எவ்வாறு பின்பற்றியது? அதற்கு எழும்பூருக்குச் செல்ல வேண்டும்.

எழும்பூர்க் காப்பகம்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753ஆம் ஆண்டு ஒரு முடிதிருத்துவோரின் மகனாகப் பிறந்தவர் ஆண்ட்ரூ பெல். அவரும் பிறர்க்குக் கற்பித்தே வாழ்க்கையில் முன்னேறியவர். 1774இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிற்குச் சென்று செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனி ஆசிரியராக இருந்தார். தாயகம் திரும்பிச் சமயக் குருவாகி, 1787இல் சென்னைக்கு வந்தார். வரும்பொழுது அறிவியற் கருவிகளையும் உடன் கொண்டுவந்து, இயற்பியற் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார்.

1789இல் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கென எழும்பூரில், இன்று புகைவண்டி நிலையம் அமைந்துள்ள வட்டாரத்தில், ஒரு காப்பகம் திறக்கப்பெற்றது. அங்கிருந்த சிறுவர்களுட் பலர் ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர்கள். தந்தையர் போரிலோ நோயிலோ மாண்டனர். அல்லது கைவிட்டுச் சென்றனர். பெல் இக்காப்பகத்தின் மேற்பார்வையை ஊதியம் பெறாமலே ஏற்றார்.

தொடக்கத்தில் பணி எளிதாக இல்லை. கீழ் வகுப்புச் சிறுவர்கள் எழுத்துகளையே கற்றுக்கொள்ளாமல் காலம் கழித்தனர். ஒருநாட் காலை குதிரையில் சென்றுகொண்டிருந்த பெல், ஒரு ‘மலபார்’ப் பள்ளியைக் கண்டார். அக்கால ஐரோப்பியர் தமிழரை அப்பெயராலேயே குறித்தனர். அங்குக் குழந்தைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். காப்பகத்திற்குத் திரும்பிய பெல், கீழ் வகுப்பிலும் அவ்வாறே மணலில் எழுத்துக் கற்பிக்குமாறு உதவி ஆசிரியர்களிடம் கூறினார். அவர்கள் மனம் வைக்கவில்லை. இயலாது என்றே கூறிவிட்டனர்.

பெல் அவர்களோடு வழக்காடவில்லை. மாணவருள் ஒருவனை அழைத்தார். ஒரு சாதாரணப் படைவீரரின் மகனான அவன் பெயர் ஜான் ஃபிரிஸ்கன், வயது எட்டு. ஆசிரியர்கள் இயலாது என்றதை அச்சிறுவன் செய்து காட்டினான். மணலில் எழுத்துக் கற்ற சிறுவர்கள் விரைந்து முன்னேறினர். நாளடைவில் கீழ் வகுப்புகள் முழுவதும் ஃபிரிஸ்கனின் பொறுப்பில் விடப்பெற்றன. பன்னிரண்டு வயதைச் சற்றே கடந்த நிலையில், தன்னினும் இளைய துணைவர் சிலரோடு அவன் நடத்திய வகுப்பில், ஐந்து ஆறு வயதுச் சிறுவர்கள் ஆங்கில உரைநடையைத் தெளிவாகப் படித்தனர் என்று பெல் அறிக்கை எழுதினார்.

ஃபிரிஸ்கனின் வெற்றியைக் கண்ட பெல் பள்ளி முழுவதையும் மாற்றியமைத்தார். ஒவ்வொரு வகுப்பும் இரு பகுதியாயிற்று. தேர்ந்தவர் ‘போதகர்’, பின்தங்கியவர் ‘மாணாக்கர்’ என இருவர் இருவராக அருகருகே அமர்ந்தனர். இவர்களுக்கு மேல் துணையாசிரியன், அவனுக்கு மேல் ஆசிரியன், இருவரும் மாணவரே. ஒவ்வொரு நாளும் படித்த பாடத்தின் அளவு பதிவேட்டில் எழுதப்பெற்றது. வகுப்பில் அவரவர் இடம் அன்றாடம் அவரவர் திறத்தால் மாறியது. இன்று மாணாக்கனாக இருப்பவன் சில கிழமைகளில் போதகன் ஆகலாம். சோம்பியிருக்கும் போதகன் மாணாக்கன் வரிசைக்கு இறங்கவும் நேரலாம். கற்பித்தல் அங்கே பிறப்பால் வந்த உரிமையன்று. முயற்சிக்குக் கிடைத்த பதவி.

அடைபட்ட கதவும் திறந்த வழியும்

இச்சிறுவர்களின் எதிர்காலம் என்னவாக இருந்தது? இவ்வரலாற்றின் உயிர்நாடி இவ்வினாவே. 1791இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள், இந்தியத் தாய்க்குப் பிறந்த எவரையும் கம்பெனியின் குடிமைப் பணியிலோ படைப் பணியிலோ கடற்பணியிலோ அமர்த்தலாகாது என முடிவு செய்தனர். 1795இல் இத்தடை மேலும் இறுகியது. பெற்றோர் இருவரும் ஐரோப்பியராக இல்லாதோர் படையில் குழலூதலாம், முரசறையலாம், குதிரைக்கு இலாடம் அடிக்கலாம், அதற்கு மேல் உயர்தல் இயலாது. தந்தையின் உலகம் அவர்களை ஏற்கவில்லை. தாயின் உலகத்தை அவர்கள் அறியவில்லை. உறவும் இல்லை, செல்வமும் இல்லை.

இத்தகையோர்க்கு எஞ்சியிருந்தது ஒன்றே. பிறர் அறியாத ஒரு நுட்பத்தை அறிந்திருத்தலும், அதனைப் பிறர்க்கு விளக்கிக் காட்டும் திறமும் அது.

காப்பக மாணவர் வில்லியம் ஸ்மித்தின் கதை இதற்கு ஒரு சான்று. திப்பு சுல்தானின் மைந்தர் இருவர் கம்பெனியிடம் பிணையாக இருந்தனர். 1794இல் அவர்களைத் திருப்பி ஒப்படைக்கச் சென்ற தூதுக்குழுவோடு ஸ்மித்தும் சென்றார். சுல்தானின் முன்னிலையில் அறிவியற் கருவிகளைக் கொண்டு இயற்பியற் சோதனைகளை வரிசையாக நிகழ்த்தி விளக்கும் பொறுப்பு அவருடையது. படையில் முரசறையும் வேலைக்கு மட்டுமே தகுதியுடையவர் எனச் சட்டம் ஒதுக்கிய கூட்டத்தினின்று வந்த இளைஞர் ஒருவர், ஒரு பேரரசனுக்கு முன் நின்று இயற்பியலை விளக்கினார். பெல்லின் பள்ளியில் நாள்தோறும் பிறர்க்கு எடுத்துரைத்துப் பழகிய நாவுக்கு அவையச்சம் தோன்றாதது இயல்பே.

அதே 1794ஆம் ஆண்டில் இன்னொரு வாயில் திறந்தது. சென்னை வானாய்வுக் கூடத்தை உருவாக்கிய மைக்கேல் டாப்பிங், நில அளவைக்குப் பயிற்சி பெற்ற இளைஞர் வேண்டுமென அரசிடம் வாதாடி ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். முதலிற் சேர்ந்தோர் எட்டுச் சிறுவர்கள். எழும்பூர்க் காப்பகமே அப்பள்ளிக்கு மாணவரை வழங்கியது. 1796இல் டாப்பிங் மறைந்தபின் வானியலார் ஜான் கோல்டிங்காம் அதனை நடத்தினார். அச்சிறு பள்ளியே பிற்காலத்தில் 1859இல் பொறியியற் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்கு இடம் பெயர்ந்து, 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. இன்று உலகெங்கும் பணியாற்றும் தமிழ்ப் பொறியாளர் பலருக்குத் தாயகமாய் விளங்கும் கல்லூரியின் வேர், ஆதரவற்ற எட்டுச் சிறுவரிடத்தில் ஊன்றியுள்ளது.

நில அளவை எளிய கலையன்று. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தை நிலத்தில் நேரே அளந்துவிட்டால், இரு முனைகளிலுமிருந்து தொலைவிலுள்ள குன்றின் கோணங்களைக் கருவியால் கண்டு, மற்றைப் பக்கங்களைக் கணக்கிட்டே அறியலாம். அப்பக்கத்தை அடியாகக் கொண்டு அடுத்த முக்கோணம். அதனை அடியாகக் கொண்டு அதற்கடுத்தது. இவ்வாறு நாடு முழுவதையும் முக்கோணங்களால் பின்னிவிடலாம். ஆனால் தொடக்கத்தில் நேர்ந்த சிறு பிழையும் போகப் போகப் பெருகும். ஆகவே கருவியைப் பிடிப்பவர், கோணத்தைக் குறிப்பவர், மடக்கை வாய்பாட்டைக் கொண்டு கணிப்பவர், அக்கணக்கைச் சரிபார்ப்பவர் எனப் பலர் ஒருவர்க்கொருவர் புரியும்படி செயற்பட வேண்டும். ஒருவர் அறிந்ததை மற்றவர்க்குத் தெளிவுறச் சொல்லத் தெரியாத குழு இவ்வேலையைச் செய்தல் அரிது.

1802இல் கர்னல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரைக் கல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து தம் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கியபோது, அவருக்குத் துணை நின்றோர் இந்த நில அளவைப் பள்ளியின் இளைஞர்களே. அவருள் முதன்மையானவர் ஜோஷுவா டி பென்னிங். காடும் மலையும் காய்ச்சலும் சூழ்ந்த பணியில் அவர் லாம்டனுக்கு வலக்கை போன்றிருந்தார். 1823இல் மத்திய இந்தியாவில் ஹிங்கன்காட்டில் லாம்டன் மறையும்வரை அத்தொண்டு தொடர்ந்தது. பிற்காலத்தில் கல்கத்தாவில் அளவைத் துறையின் கணிப்பு அலுவலகத்திற்கே டி பென்னிங் தலைமை தாங்கினார். ஜோசப் ஒல்லிவர், வில்லியம் ரோசன்ரோடு ஆகியோரும் அவ்வழியே வந்து, ஜார்ஜ் எவரெஸ்டின் காலத்திலும் பணிபுரிந்தனர். எவரெஸ்டின் பெயரை உலகம் ஒரு சிகரத்திற்குச் சூட்டியது. அவர் நின்ற தளத்தை அமைத்தோருள் இவ்விளைஞரும் அடங்குவர்.

இவர்கள் உயர்ந்ததற்குப் பிறர்க்குக் கற்பித்தது ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. நில அளவைக்கு ஆள் தேவைப்பட்ட காலம் அது. குறைந்த ஊதியத்திற்கு உழைக்கும் இளைஞரை அரசும் நாடியது. ஆயினும் அத்தேவை எழுந்தபோது அதனை நிறைவு செய்யும் தகுதி அவர்களிடம் இருந்தது. அத்தகுதியை வளர்த்த பள்ளி, கற்றவன் கற்பித்தே ஆகவேண்டும் என்னும் விதியின்மேல் நின்ற பள்ளி.

கடல் கடந்த முறை

1796இல் பெல் சென்னையை விட்டுச் சென்றார். சிறு தொகையோடு வந்தவர், சமயப் பணிப் பதவிகளால் ஈட்டிய ஏறத்தாழ 25,000 பவுனோடு திரும்பினார். மறு ஆண்டு எழும்பூர்ப் பட்டறிவை ஒரு சிறு நூலாக இலண்டனில் வெளியிட்டார். சென்னை முறை என்றே அது பெயர் பெற்றது. அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் இலண்டனில் இதனையொத்த முறையில் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி நடத்தினார். இருவரையும் சார்ந்து இரு பெரும் கழகங்கள் எழுந்தன. நாடெங்கும் பள்ளிகள் பெருகின. இம்முறையை முதலிற் கண்டவர் யார் என்று இரு சாராரும் பல்லாண்டுகள் பூசலிட்டனர்.

அப்பூசலில் ஒருவரும் நினையாதவர் ஒருவர் இருந்தார். அவர்தாம் எழும்பூர்ச் சாலையோரத்துத் திண்ணை ஆசிரியர். மணலெழுத்தைத் தமிழ்ப் பள்ளியில் கண்டதாகப் பெல் தாமே எழுதியுள்ளார். ஆனால் மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் கண்டுபிடிப்பாகவே அவர் கருதினார். அந்த ஆசிரியரின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. அவர்தம் சட்டாம்பிள்ளையின் பெயரும் தெரியாது. பெல் 1832இல் மறைந்து வெஸ்ட்மின்ஸ்டர்ப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். செயின்ட் ஆண்ட்ரூஸில் அவரது கொடையால் எழுந்த பள்ளி, ‘சென்னை’யின் பெயரையே தாங்கி, மெட்ராஸ் கல்லூரி என இன்றும் நிலவுகின்றது. 1876இல் அவரது அறக்கட்டளையைக் கொண்டு எடின்பரோவிலும் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் கல்வியியற் பேராசிரியர் பதவிகள் நிறுவப்பெற்றன. திண்ணையில் பிறந்த ஒரு வழக்கம் பல்கலைக்கழகப் பீடம்வரை சென்றது.

இனி, இம்முறை இங்கிலாந்தில் கண்ட குறையையும் மறைத்தல் ஆகாது. அங்குப் பல நூறு சிறுவர்களை ஒரே கூடத்தில் அமர்த்தி, ஒரே ஆசிரியரைக் கொண்டு, சிறுவர் தலைவர்களால் பாடம் நடத்தினர். செலவு மிகக் குறைவு என்பதே ஆட்சியாளரைக் கவர்ந்தது. பத்து வயதுத் தலைவன், காலையில் தான் மனப்பாடம் செய்ததை மாலைவரை பிறர்க்கு ஒப்பித்தான். அவனுக்கென உயர் பாடம் இல்லை. சில திங்களில் பெற்றோர் அவனை வேலைக்கு அனுப்பிவிட்டனர். கற்பித்தல் அவனை உயர்த்தவில்லை, பயன்படுத்திக்கொண்டது.

திண்ணைச் சட்டாம்பிள்ளைக்கும் இவனுக்கும் வேற்றுமை யாது? சட்டாம்பிள்ளைக்கு ஆசிரியரின் தனிப் பாடம் இருந்தது. ஒரு கையால் கொடுத்தான். மறு கையால் பெற்றான். இலண்டன் சிறுவன் கொடுத்துக்கொண்டே இருந்தான், பெறவில்லை. நன்னூலாரின் கணக்கிலும் கற்பித்தலுக்கு உரியது அரைப் பங்கே. ஆசானிடம் பெறும் கால் பங்கு இல்லையேல், அந்த அரையும் நில்லாது.

மாணவ ஆசிரியர்

இக்குறையை உணர்ந்து திருத்தியவர் ஜேம்ஸ் கே ஷட்டில்வொர்த். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் கிரசன்ஹால் என்னும் ஏழையர் விடுதிப் பள்ளியை மேற்பார்வையிட்ட காலத்தில் அவர் ஒன்றைக் கண்டார். ஆசிரியர் நோயுற்றுப் படுத்தபோது, வில்லியம் ரஷ் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன் தானே முன்வந்து வகுப்பை ஒழுங்குற நடத்தினான். எழும்பூர் ஃபிரிஸ்கனைப் போன்ற இன்னொரு சிறுவன்! இந்நிகழ்ச்சி தந்த எண்ணமே, 1846இல் அரசு வகுத்த மாணவ ஆசிரியர் திட்டத்திற்கு ஒரு தூண்டுகோலாயிற்று.

அத்திட்டத்தின்படி பதின்மூன்று வயதில் ஒருவர் ஐந்தாண்டுப் பயிற்சிக்குச் சேரலாம். முதலாண்டு 10 பவுன் ஊதியம். ஆண்டுதோறும் உயர்ந்து இறுதியில் 20 பவுன். பகலில் அவர் கற்பிப்பார். நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் தலைமையாசிரியர் அவருக்குக் கற்பித்தல் வேண்டும். அதற்குத் தலைமையாசிரியர்க்கும் தனி ஊதியம் உண்டு. இறுதியில் நடைபெறும் தேர்வில் வெற்றி பெற்றோர் அரசியின் உதவித் தொகையோடு பயிற்சிக் கல்லூரியில் சேரலாம். சுரங்கத் தொழிலாளி மகனுக்கும், தையற்காரி மகளுக்கும், கைப்பொருள் இன்றியே உயர்கல்விக்கு அமைந்த முதல் ஏணி இதுவெனலாம்.

அறிவியற் பாடங்களில் இந்த ஏணி எத்துணை உயரம் சென்றது என்பதற்கு எச். ஜி. வெல்ஸின் வாழ்வு சான்று. துணிக்கடையில் பயிற்சியாளாக உழன்று மனம் வெதும்பிய அவ்விளைஞர், 1883இல் மிட்ஹர்ஸ்ட் இலக்கணப் பள்ளியில் மாணவராகவும் உதவி ஆசிரியராகவும் சேர்ந்தார். பகலில் சிறுவர்க்குக் கற்பித்தார். மாலையில் அரசின் அறிவியல் தேர்வுகளுக்குத் தாமே படித்தார். அத்தேர்வுகளில் மாணவர் தேறினால் பள்ளிக்கு அரசு மானியம் கிட்டும். வெல்ஸ் சிறப்புறத் தேறியதால் 1884இல் இலண்டன் அறிவியற் கல்லூரியில் இலவச இடம் பெற்று, தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். பிற்காலத்தில் அஞ்சல்வழிக் கல்லூரி மாணவர்க்கு உயிரியல் கற்பித்தார். அப்பணியின் விளைவாக 1893இல் அவர் எழுதிய பாடநூலே அவர்தம் முதல் நூல்களுள் ஒன்று. அறிவியற் புதினங்களால் உலகப் புகழ் எய்தியது அதன்பின்னரே.

ஏணியாகாத இடம்

கற்பித்தல் எல்லார்க்கும் ஏணியாகும் என்று முடிவு கட்டுதலும் தவறே. கணித மேதை இராமானுசன், 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேருமுன், வறுமையின் காரணமாகக் கல்லூரி மாணவர்க்குக் கணிதம் கற்பித்து வாழ முயன்றார். அம்முயற்சி பலிக்கவில்லை. தேர்விற்குரிய பகுதியோடு அவர் மனம் நிற்பதில்லை. ஒரு கணக்கிலிருந்து எங்கோ தொலைவிலுள்ள ஆழத்திற்குச் சென்றுவிடுவார். தேர்வை அஞ்சி வந்த மாணவர்க்கு அது பயன்படவில்லை. தாம் நிற்கும் இடத்தினின்று இறங்கி வந்து, மாணவன் நிற்கும் இடத்தைக் காண்பதே கற்பித்தல். அது மேதைமையின் வேறான ஒரு திறம். அதனை இராமானுசனிடம் எதிர்பார்ப்பது முறையன்று; அஃது இல்லாமையால் அவர் பெருமை குன்றவும் இல்லை.

ஆயினும் மேதையர் மிகச் சிலரே. மற்றையோர்க்கு, மாணவனின் இடத்தைக் கண்டறியும் முயற்சியே தம் அறிவின் ஓட்டையைக் காட்டும் விளக்காகின்றது. பின்னத்தை ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகின்றோம் என்று பின்தங்கிய மாணவன் கேட்கும்போதுதான், விதியை மட்டும் அறிந்து காரணத்தை அறியாதிருந்தமை முன்னேறிய மாணவனுக்குப் புலப்படும். தேர்வுத்தாள் அக்கேள்வியைக் கேட்பதில்லை. அருகில் அமர்ந்திருக்கும் தோழனே கேட்கின்றான்.

தோட்டப் பள்ளிகளின் படிப்பினை

மலாயாவின் தோட்டப் பள்ளிகளும் இவ்வரலாற்றிற்குப் புறம்பானவையல்ல. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைத்தல் வேண்டும் என விதித்தது. பள்ளிகள் எழுந்தன, ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. பல இடங்களில் கங்காணியோ கிராணியோ எழுத்தறிந்த தொழிலாளியோ ஆசிரியராக இருந்தார். ஒரே அறையில் பல வகுப்புகள். மூத்த மாணவர் இளையோர்க்கு எழுத்துக் கற்பித்தலே அங்கு நடைமுறையாயிற்று. அச்சிறுவர்களுள் சிலர் பின்னர்ப் பயிற்சி பெற்று ஆசிரியராயினர். பலரோ, மேலே செல்ல வழியின்றிப் பால்மரக் காட்டிற்கே திரும்பினர். திறமை இருசாரார்க்கும் ஒன்றே. ஒருவர்க்கு அடுத்த வாயில் திறந்திருந்தது, மற்றவர்க்கு அடைபட்டிருந்தது.

எழும்பூர் முதல் தோட்டப்புறம் வரையுள்ள இவ்வரலாறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றது. பிறர்க்குக் கற்பிக்கும் மாணவன் மூன்று வகையால் பயனடைகின்றான்: அறிவு உறுதிப்படுகின்றது, நாவும் நெஞ்சும் அவையில் நிற்கப் பழகுகின்றன, பொறுப்பை ஏற்கும் தகுதி பிறர் கண்ணுக்குப் புலனாகின்றது. ஆனால் அப்பயன் தானே வந்து வாய்ப்பதன்று. கற்பிப்பவனுக்கு மேலும் கற்பிக்க ஓர் ஆசான் வேண்டும். கற்பித்தபின் அவன் ஏறிச் செல்ல ஒரு படி வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில், தேர்ந்த மாணவனைக் கொண்டு பாடம் நடத்துவது செலவைக் குறைக்கும் தந்திரமேயன்றிக் கல்வியாகாது. பெற்றோரின் வருத்தத்திற்கு அங்கே நியாயம் உண்டு.

இவ்விரண்டும் வாய்க்கும் இடத்தில், பின்தங்கிய தோழனுக்கு அருகில் அமர்ந்து பின்னத்தை விளக்கும் சிறுவனுக்கு அந்த நேரம் வீணாவதில்லை. நன்னூலார் ஒதுக்கி வைத்த அரைப் பங்கை அவன் அப்போதுதான் பெற்றுக்கொண்டிருக்கின்றான். அவனுக்குரிய கால் பங்கை மறவாமல் கொடுப்பதும், அடுத்த வாயிலைத் திறந்து வைப்பதும் ஆசிரியர் கடன், பள்ளியின் கடன், சமுதாயத்தின் கடன்.